மேகத்தைக் குறைத்தவர்

என் வீட்டுக்காரர் உமாசங்கரைப் பற்றி இலஞ்சியில் யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒன்று சொல்வார்கள். பழைய ஆட்களுக்கு அவர் டெலிபோன் ஆபீஸ்காரர். கோயில் கமிட்டிக்காரர்களுக்கு, கூட்டத்துக்கு வந்து குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர். கொஞ்ச காலமாகத் தெருப் பிள்ளைகள் அவரை ‘பிளேன் தாத்தா’ என்கிறார்கள். அதில் ‘தாத்தா’ அவருக்குப் பிடிக்கவில்லை, ‘பிளேன்’ ரொம்பவும் பிடித்திருக்கிறது.

நான் மீனா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருஷத்துக்கு மேல் அவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்பதால் அவரைப் பற்றி எழுத எனக்குத்தான் முதல் உரிமை. புகழ்ந்தும் எழுதுவேன், திட்டியும் எழுதுவேன். இரண்டுக்கும் அவர் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார்.

அவர் பிறந்தது இலஞ்சியிலேயே, குமாரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். வயலும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். மற்றப் பிள்ளைகள் வரப்பைப் பார்த்து நடந்தால் இவர் ஆகாயத்தைப் பார்த்து நடந்து வாய்க்காலில் விழுவாராம். விமானப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, படிப்பு முடிந்த கையோடு மதுரைக்குப் போனார். அங்கே சுவரில் எழுத்துகளை மாட்டி வாசிக்கச் சொன்னார்கள். கடைசி இரண்டு வரியை இவர் வாசிக்கவில்லை, யோசித்துச் சொன்னார். கண்ணாடி வாங்கிக்கொள் தம்பி என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு டெலிபோன் இலாகாவில் வேலை கிடைத்தது. தென்காசி, சிவகிரி என்று ஊர் ஊராகப் போய்க் கம்பத்தில் ஏறினார். ஏறின வேலை முடிந்த பிறகும் இறங்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். கீழே நிற்கிறவர் போன் வேலை செய்கிறதா என்று கத்தினால்தான் ஞாபகம் வருமாம்.

ஓய்வு பெற்றதும் மனிதர் கோயில், குளம் என்று போவார் என்று நினைத்தேன். அவர் தென்காசிக்குப் போய், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ஜெஸ்வினைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு விமானத்தைக் கட்டினார்கள். விமானம் என்றால் ஒரு நாற்காலி, கைக்கு ஒரு பிடி, காலுக்கு இரண்டு மிதி, தலையில் மாட்டிக்கொள்ள ஒரு வி.ஆர். பெட்டி, பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி போல இரைகிற ஒரு கம்ப்யூட்டர். தலையில் அந்தப் பெட்டியை மாட்டிவிட்டால் அறை மறைந்துபோகும். விமானி இருக்கையில் உட்கார்ந்திருப்போம். குனிந்தால் மிதி தெரியும், எட்டிப் பார்த்தால் கீழே ஊர் தெரியும். நல்ல நேரம் பார்த்து, நாற்காலியைக் கிழக்குப் பார்த்துப் போட்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, அதற்கப்புறம்தான் பறக்கத் தொடங்கினார்.

பறக்கிற நேரத்தைவிட அதைச் சரிசெய்கிற நேரம்தான் அதிகம். மேகம் எவ்வளவு அடர்த்தி, மரம் எவ்வளவு தூரத்துக்குத் தெரியணும், நிழல் எவ்வளவு கூர்மை, வயல் தண்ணீரில் வானம் தெரியணுமா வேண்டாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு இருக்கிறது. அத்தனையையும் உச்சத்தில் வைத்துவிட்டு, படம் தத்தித் தத்தி வந்தாலும் பரவாயில்லை என்று ரசித்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், ‘இரு, மேகத்துக்குள்ள நிக்கேன்’ என்று பதில் வரும். எத்தனை தடவை தோசை ஆறிப்போயிருக்கிறது தெரியுமா.

அவருடைய பெரிய சாதனை ஐந்தருவி. அந்த விளையாட்டில் (அவர் முன்னால் விளையாட்டு என்று சொல்லிவிடாதீர்கள்) குற்றாலம் இருக்கும், மலை இருக்கும், அருவி இருக்காது. மேலே இருந்து எடுத்த படத்தை மலைமேல் போர்த்தியிருப்பதால் அருவி இருக்க வேண்டிய இடத்தில் பாறையும் பச்சையும் அப்பிக் கிடக்கும். பக்கத்து வீட்டு நல்லக்கண்ணு அண்ணாச்சி, ராணுவத்தில் இருந்து வந்தவர், ஒருநாள் பெட்டியை மாட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. அருவில தண்ணியக் காணுமே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவருக்கு அது தாங்கவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து, எங்கெங்கேயோ படித்து, ஐந்து கிளையிலும் தண்ணீர் விழ வைத்துவிட்டார். சாரல்கூடப் புகை மாதிரி எழும்பும். அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினார். “இப்பம் சரி” என்றார் அண்ணாச்சி. அன்றைக்கு இவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வைகாசி மாதம் ஸ்வாதி போன் பண்ணினாள். ஸ்வாதி எங்கள் ஒரே மகள். மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். அதுவரை ஆனந்தவள்ளி என்ற நர்சம்மாவோடு ஒரே அறையில் இருந்தாள். இப்போது அவளுக்கென்று தனியாக ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள்.

“எம்மா, நீ வந்து பால் காய்ச்சினாத்தான் அந்த வீட்ல அடுப்பு பத்த வைப்பேன். அதுவரைக்கும் ஆனந்தவள்ளி அக்கா ரூம்லதான் இருப்பேன், கேன்டீன்லதான் சாப்பிடுவேன்” என்றாள்.

“ஏட்டி, நான் எப்படி வருவேன், உனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனியும் ஆடியும் ஆகாது. ஆவணில நல்ல நாள் இருக்கு. அதுக்குள்ள ஒரு வழி பண்ணிட்டு வா” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது.

என் கதை இதுதான். எனக்கு மலைப்பாதை ஆகாது. இரண்டு வளைவு போதும், வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்துவிடும். கல்யாணம் ஆன புதிதில் இவர் சிநேகிதரின் அம்பாசிடர் காரை இரவல் வாங்கி, தானே ஓட்டி, என்னைக் கொடைக்கானலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதி மலையில் இவருடைய புதுச் சட்டையைப் பாழாக்கினேன். அங்கேயே காரைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து, வத்தலக்குண்டில் ஒரு ஓட்டலில் தயிர்ச் சாதம் வாங்கிக் கொடுத்தார். எங்கள் தேனிலவு அந்தத் தயிர்ச் சாதம்தான். மாத்திரை போட்டுப் பார்த்தாயிற்று. அது என்னைத் தூங்க வைக்கும், நடுவில் எழுப்பி வாந்தி எடுக்க வைக்கும், மறுபடி தூங்க வைக்கும். ஸ்வாதி வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் அவள் இருக்கிற இடத்தை நான் பார்த்ததில்லை. அவள்தான் இறங்கி வருவாள். பெற்ற மகள் எந்த ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கிறாள் என்றுகூடத் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய குறை. யாரிடமும் சொன்னதில்லை.

இவரிடமும் சொன்னதில்லை. ஆனால் போனை வைத்த மறுநாள் காலை இவரே வந்து, “மீனா, வயித்தைப் பழக்கலாம்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. தெனம் கொஞ்சம் கொஞ்சமா பறந்தா உடம்பு கேட்டுக்கிடுமாம். நீ பெட்டிய மாட்டிட்டு உக்காரு, நான் ஓட்டுதேன். ஆவணிக்குள்ள சரி பண்ணிரலாம்” என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஸ்வாதி கேன்டீன் சாப்பாடு சாப்பிடுகிறாளே என்று உட்கார்ந்தேன்.

அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்துப் பிடியைப் பிடித்து ஓட்டினார். நான் தலையில் பெட்டியோடு நாற்காலியில் இருந்தேன். குற்றாலத்து மலை கண் முன்னால் எழுந்து நின்றது. நிஜமாகவே அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். இடது பக்கம் ஐந்தருவி கொட்டிக்கொண்டிருந்தது. “எப்படி இருக்கு?” என்று கேட்டார். பெட்டியைக் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டு வாளியைத் தேடினேன். வாளி மாடியில் இல்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

அறையைக் கழுவி முடித்த பிறகு சண்டை நடந்தது. “சராசரி அம்பத்தஞ்சு படம் வருது. வினாடிக்கு அம்பத்தஞ்சு. இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். தலையைத் திருப்பினால் அந்தக் கணமே படமும் திரும்ப வேண்டும், அதற்குக் கம்ப்யூட்டர் வினாடிக்கு இத்தனை படம் என்று ஓயாமல் வரைந்து தள்ள வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. பிந்தினால் கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கிற சமநிலை வேறொன்று சொல்லும், நடுவில் வயிறு மாட்டிக்கொள்ளும். ஆனால் அவர் காட்டிய திரையில் ஒரு கோடும் ஓடிக்கொண்டிருந்தது. அது ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கியது.

“இந்தக் கோடு என்னது?” என்று கேட்டேன்.

“ஒவ்வொரு படமும் வர எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறது.”

“சராசரியச் சொல்லி என்னைய ஏமாத்தாதீங்க. என் கிளாஸ்ல சராசரி அறுபது வந்த வருசம் எட்டுப் பிள்ளைங்க பெயிலு. அந்த எட்டுப் பேருதான் இப்பம் என் வயித்துல இருக்காங்க.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஜெஸ்வினுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். தனக்குச் சாதகமாகச் சொல்வான் என்று நினைத்தார். ஜெஸ்வின் முழுவதையும் கேட்டுவிட்டு, “டீச்சர் சொல்லுததுதான் சரி சார். கூடி வந்தும் குறைஞ்சு வந்தும் பிரயோஜனம் இல்ல. குறைச்சலா இருந்தாலும் ஒண்ணுபோல வரணும். நாப்பத்தஞ்சுல பூட்டிருங்க. விட்டுப்போன படத்த அந்தப் பெட்டியே இடையில போட்டு நிரப்பிக்கிடும். ஆனா நாப்பத்தஞ்சுக்கு ஒண்ணுகூடக் கீழ போகக் கூடாது. அதுக்கு நீங்க சிலதக் குறைக்கணும்” என்றான்.

“எதை?” என்று கேட்டார் இவர். அந்தக் குரலை நான் கேட்டேன். டாக்டரிடம் கேட்கிற குரல்.

“மேகம் சார். முதல்ல மேகம்.”

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் சிரிப்பீர்கள். பாகப்பிரிவினையில்கூட மனிதர்கள் இவ்வளவு இழுபறி பண்ணியதில்லை. மேகத்தை ஒரு படி இறக்கினார். போதவில்லை. இன்னொரு படி இறக்கினார். “இது மேகமா? இட்லி” என்று முணுமுணுத்தார். வயல் தண்ணீரில் வானம் தெரிந்தது போயிற்று. தூரத்து மரங்கள் போயின. நிழல்கள் போயின. ஒன்றைக் குறைத்ததும் என்னை உட்கார வைத்து ஒரு சுற்று பறப்பார், கோட்டைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார். என் இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி அவருடையதைவிடக் குறைவு என்று கண்டுபிடித்து, அடிக்குச்சியை வைத்து அளந்து, பெட்டிக்குள் இருக்கிற லென்சை நகர்த்தி வைத்தார். தனக்கு மங்கலாகத் தெரிந்தாலும் அதை அப்புறம் மாற்றவில்லை.

முன்னேற்றம் இருந்தது. தென்காசிக் கோபுரத்தைச் சுற்றி வந்து பழைய பேருந்து நிலையம்வரை தாங்கினேன். ஆனால் குற்றாலத்தின் பக்கம் போனால் மட்டும் கோடு துள்ளியது, வயிறும் துள்ளியது. என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை.

ஒருநாள் காலை பறக்கும்போது ஐந்தருவிக்கு மேலே வந்தோம். கோடு துள்ளவில்லையாம். எனக்கும் ஒன்றும் செய்யவில்லை. குனிந்து பார்த்தேன். பழையபடி பாறையும் பச்சையும் அப்பிக் கிடந்தன.

“என்னங்க, தண்ணி எங்க?”

“சீசன் முடிஞ்சிட்டு” என்றார்.

வெளியே ஆனி மாதச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நிஜ ஐந்தருவியில் கூட்டம் தாங்க முடியாமல் போலீஸ் கயிறு கட்டியிருந்தார்கள். இவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து விழ வைத்த தண்ணீரை, நான் அடுப்படியில் இருந்த நேரத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்திவிட்டிருக்கிறார். நன்றி என்று சொன்னால் அவருக்குக் கூச்சம் வரும். அதனால் மத்தியானம் அவருக்குப் பிடித்த மாங்காய்ப் பச்சடி வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. படம் சீராக இருக்கிறது, கோடு நேராக இருக்கிறது, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தலை கனக்கிறது. ஆடி பிறந்து காற்று வலுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் சீசன் காற்று மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும். மாடி அறையின் ஜன்னலும் மேற்கே. நாற்காலியோ கிழக்குப் பார்த்து. கண்ணில் விமானம் முன்னால் பாய்கிறது, பிடரியில் காற்று பின்னாலிருந்து அடிக்கிறது. உடம்பு எதைத்தான் நம்பும்?

“நாக்காலியத் திருப்பிப் போடுங்க. மூஞ்சில காத்து அடிக்கணும்” என்றேன்.

“கிழக்க பாத்து உக்காந்துதான் எதையும் ஆரம்பிக்கணும், மீனா.”

“நீங்க ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆச்சு. இன்னுமா ஆரம்பிக்கீங்க?”

முனகிக்கொண்டே திருப்பிப் போட்டார். ஜன்னலை முழுவதும் திறந்தேன். அன்றைக்கு இலஞ்சிக்கு மேலே பறந்தபோது நிஜச் சாரல் என் முகத்தில் அடித்தது. விமானத்தில் கண்ணாடி இல்லாதது போல இருந்தது. முதல் தடவையாக அந்தப் பெட்டிக்குள் சிரித்தேன். அவரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது வளைவு. நேராகப் போனால் நான் ராணி. அவர் விமானத்தைச் சாய்த்துத் திருப்பினால் பழைய கதைதான். முன்கூட்டிச் சொல்லுங்கள் என்றேன். “இடது வருது, இடது வருது, வலது” என்று மினி பஸ் கண்டக்டர் மாதிரி கத்தினார். அதுவும் போதவில்லை. ஆடி பாதி ஓடிவிட்டது. மூணாறு பாதையில் நேரான இடமே கிடையாது என்று ஸ்வாதி சொல்லியிருந்தாள். உள்ளுக்குள் நான் நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டேன்.

அந்த வாரம் ஒருநாள் கரண்ட் பில் கட்ட அவர் தென்காசிக்குப் போனார். விமானத்தை அந்தரத்தில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் போவார், அது அவர் பழக்கம். நான் மாடிக்குத் துணி காயப்போட வந்தேன். அறை திறந்திருந்தது. என்ன நினைத்தேனோ, உட்கார்ந்து பெட்டியை மாட்டி, அவர் தட்டுகிற பொத்தானைத் தட்டி, பிடியை நானே பிடித்தேன்.

விமானம் ஓடியது. மெதுவாக இடது பக்கம் சாய்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. வலது. ஒன்றும் இல்லை. இன்னும் சாய்த்தேன். ஊரே செங்குத்தாக நின்றது, தோப்பு தலைக்கு மேலே போனது, வயிறு சும்மா இருந்தது. எப்போது திரும்பப் போகிறோம் என்று அவர் சொல்லி எனக்குத் தெரிவதற்குப் பதில், என் கைக்கே முதலில் தெரிந்தது. சந்தோஷத்தில் குற்றாலத்து மலைக்கு மேலே போய்ப் பார்க்கலாம் என்று தூக்கினேன். போதுமான அளவு தூக்கவில்லை.

அவர் வந்தபோது திரை கறுப்பாக இருந்தது.

“யாரு மோதினது?”

“நாந்தான்.”

“எங்கன?”

“செண்பகாதேவி அருவிப் பக்கம்.”

“வளைச்சு வளைச்சு ஓட்டினியா?”

“ஆமா.”

“கொமட்டிச்சா?”

“இல்ல.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பில் கட்டிய ரசீதைக் கையில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் அப்போதுதான் எல்லாம் கூடி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ வருஷம் ஸ்கூட்டரில் போயிருக்கிறேன். குண்டும் குழியுமான ரோட்டில் வளைத்து வளைத்து ஓட்டியிருக்கிறேன். ஒருநாள்கூடக் குமட்டியதில்லை. பஸ்ஸிலும் காரிலும் மட்டும்தான். இத்தனை வருஷமும் என்னை யாராவது தூக்கிக்கொண்டு போனார்கள், நான் போகவில்லை.

“கார் சாவியத் தாங்க” என்றேன்.

எனக்கு லைசென்ஸ் உண்டு. டீச்சர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தென்காசி டிரைவிங் ஸ்கூலில் படித்து வாங்கியது. ஆனால் வீட்டுக்குக் கார் வந்த நாளிலிருந்து ஓட்டுகிற இடம் அவருடையது. அது எப்படி அப்படி ஆனது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவர் சாவியைக் கொடுத்தார், பயத்தோடுதான் கொடுத்தார். முதலில் காலை வேளையில் இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஓட்டினேன். பிறகு சீசன் கூட்டத்துக்குள்ளே, எண்ணெய் தேய்த்த உடம்போடு ரோட்டின் நடுவில் நடக்கிறவர்களுக்கு ஹாரன் அடித்து ஓட்டினேன். ஒருநாள் துணிந்து செங்கோட்டை தாண்டி, புளியரை மலைப் பாதையில் ஆரியங்காவு வரைக்கும் போய்வந்தேன். லாரிகள் உரசுவது போல வந்தன. எனக்குக் கை வேர்த்தது, வயிறு அசையவில்லை. வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஓட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

ஆவணியில் ஸ்வாதி சொன்ன நாளுக்கு முந்தின நாள் கிளம்பினோம். போடிவரை அவர் ஓட்டினார். அங்கே ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு, விடிந்ததும் முந்தல் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் இடம் மாறிக்கொண்டோம். மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். “கியரக் குறைச்சு வச்சுக்கோ. அவசரமே இல்ல” என்று மட்டும் சொன்னார்.

ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வாய்விட்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு திருப்பினேன். கீழே போடி சின்னதாகப் போனது. எதிரே வந்த கேரளா பஸ் டிரைவர் நின்று வழிவிட்டார். பாதி மலையில் எனக்குப் பயம் போய்விட்டது. பேசிக்கொண்டே ஓட்டினேன், சிரித்தேன். கொடைக்கானலைப் பற்றிக்கூடக் கேலி பேசினேன். அவரிடமிருந்து “உம்” மட்டும் வந்துகொண்டிருந்தது. போடிமெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ‘உம்’மும் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்து, வாயைக் கர்ச்சீப்பால் பொத்தி உட்கார்ந்திருந்தார். ஓரமாக நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைச் சாப்பாடு முழுவதையும் வெளியே எடுத்தார். தலையைப் பிடித்துவிட்டேன். “நல்லாத்தான் ஓட்டுத. காலைல இட்லி சரியில்ல” என்றார். மறுபடி ஏறி உட்கார்ந்தார். பூப்பாறை போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்தினோம்.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஸ்வாதி எங்களுக்காக நின்றுகொண்டிருந்தாள். ஓட்டுகிற பக்கத்திலிருந்து நான் இறங்குவதைப் பார்த்து அவள் வாயைப் பிளந்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்தேன். எல்லா ஜன்னலிலும் தேயிலைதான். மூன்று வருஷக் குறை தீர்ந்தது.

நல்ல நேரத்துக்குள் அடுப்பு பற்ற வைத்தோம். பால் வாசனை ஆகவில்லை என்று அவர் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். பால் பொங்கும்வரை காத்திருந்தபோது, “பாவம் அப்பா. மாத்திரை கேக்கல போலிருக்கு” என்றாள் ஸ்வாதி.

“என்ன மாத்திரை?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். “புளியரை போயிட்டு வந்தீங்கல்லா, அன்னைக்கே எனக்குப் போன் பண்ணினாங்க. தல சுத்துது, கொமட்டுது, என்ன மாத்திரை போடணும்னு கேட்டாங்க. மலைல இதுவரைக்கும் அவங்க ஓட்டாம உக்காந்ததே இல்லையாம், எம்மா. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க. சொன்னா நீ சாவியத் திருப்பிக் குடுத்துருவியாம்.”

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை ஸ்வாதிதான் தணித்தாள். நான் உள் அறைக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எறங்கும்போது நீங்க ஓட்டுங்க” என்றேன்.

“அப்பம் உனக்குக் கொமட்டும்லா.”

“கொமட்டட்டும். எனக்குப் பழகினதுதான்.”

“வேண்டாம். நீ ஓட்டு” என்றார், கண்ணைத் திறக்காமல். “எங்கிட்ட இன்னும் ஒரு மாத்திரை இருக்கு.”

அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன். கதவு திறந்திருந்தது, ஸ்வாதிக்கும் கேட்டிருக்கும்.